முப்பத்திரண்டு மெத்தைச் சட்டைகள்

கோடையில் ஸ்காட்லாந்திலுள்ள எங்கள் பால்ஃபெர்ன் ஊர்ப் புல்வெளிக்கு, நாங்கள் நடித்துக் காட்டுகிற பழங்காலச் சண்டையைப் பார்க்க வருகிற ஜனங்கள் என்னைக் கண்டதும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "கில்ட் எங்கே?"

இல்லை ஐயா, கில்ட் இல்லை. எழுநூறு வருஷத்துக்கு முன்னால், புரூஸ் ராஜா காலத்தில் எங்கள் ஆட்கள் யாரும் கட்டம் போட்ட பாவாடை கட்டிக்கொண்டு போருக்குப் போகவில்லை. அது வந்ததே அதற்குக் கிட்டத்தட்ட முன்னூறு வருஷம் கழித்து. முகத்தில் நீலச் சாயத்தை அப்பிக்கொண்டும் போகவில்லை. என்ன போட்டுக்கொண்டு போனார்கள் என்றால், இதோ நான் போட்டிருக்கிறேனே, இந்த மெத்தைச் சட்டையைத்தான். லினன் துணியை இருபது மடிப்பு அடுக்கி, மெத்தைக்குப் போடுகிற மாதிரி நீளநீளமாகத் தையல் போட்டது. முழங்கால் வரைக்கும் வரும். முன்பக்கம் நாடா. கை நுனியில் சேர்த்தே தைத்த கையுறை. தலையில் இரும்புத் தொப்பி, காலில் கம்பளிக் காலுறை, கையில் பன்னிரண்டு அடி ஈட்டி. அவ்வளவுதான் எங்கள் சிப்பாய். வாள் வாங்க வக்கில்லாத விவசாயிகள்தானே பாதிப் பேர்!

இதைச் சொன்னதும் கேட்டவர் முகம் தொங்கிப்போகும். "அப்ப கில்ட் கிடையாதா?" என்று மறுபடியும் கேட்பார். எனக்கு மூக்கு சிவந்துவிடும்.

என் பெயர் இஷ்பெல். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள், கொஞ்சம்தான். எங்கள் குழுவில் முப்பத்திரண்டு பேர். முப்பத்திரண்டு சட்டையையும் தைத்தது நான். கையால். மிஷின் தையல் ஒன்று கூடக் கிடையாது. ஆறு குளிர்காலம் ஆயிற்று. என் இடதுகைக் கட்டைவிரலில் ஊசி குத்தாத இடமே இல்லை. அதனால் அந்தச் சட்டையை எவனாவது கேலி பேசினால் நான் பெற்ற பிள்ளையைத் திட்டின மாதிரிதான்.

அந்தச் சட்டைகளுக்குத்தான் போன வருஷம் ஆபத்து வந்தது. வரவழைத்தவன் லாக்லன்.

லாக்லன் எங்கள் ஊர்த் தபால்காரன். ஆறடி மூன்று அங்குலம், பார்த்தால் மலை, பேசினால் மழலை. போன வருஷம் ஈட்டி வட்டத்தில் அவன் முன்னால் நின்றான். ஈட்டி வட்டம் என்பது பெரிய மந்திரமில்லை. எல்லோரும் வெளிப்பக்கம் பார்த்துத் தோளோடு தோள் ஒட்டி வட்டமாக நிற்க வேண்டும். ஈட்டியின் அடியை மண்ணில் குத்தி, வலது காலால் மிதித்துக்கொண்டு, முனையைக் குதிரையின் நெஞ்சு உயரத்துக்கு நீட்ட வேண்டும். முள்ளம்பன்றி மேல் எந்தக் குதிரையும் வந்து விழாது. ஆனால் ஒருவன் நகர்ந்து ஓர் ஆள் இடைவெளி விட்டாலும் போச்சு, மொத்த வட்டமும் குட்டிச்சுவர்.

எதிர்த்தரப்பு எல்லைக்கு அந்தப் பக்கத்து இங்கிலாந்துக்காரர்கள். நாலு குதிரை. தலைவன் பெயர் நைஜல். நல்ல மனுஷன், ஆனால் குதிரை மேல் ஏறிவிட்டால் முகத்தில் ஒரு திமிர் வந்துவிடும். குதிரைகள் ஈட்டி முனைக்குப் பத்தடி முன்னாலேயே திரும்பிவிடும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஈட்டி முனை ரப்பர் என்று குதிரைகளுக்கும் தெரியும். அப்படியிருந்தும் போன வருஷம் நைஜல் வருவதைப் பார்த்த லாக்லன் ஈட்டியைப் போட்டுவிட்டுப் பின்னங்கால் பிடரியில் பட ஓடினான். வட்டத்துக்குள்ளேயே ஓடி, எதிர்ப்பக்கம் நின்ற இரண்டு பேரைத் தள்ளிவிட்டு, வேலியைத் தாண்டி, தபால் ஆபீஸ் வரைக்கும் ஓடினான். அவன் விட்ட இடைவெளி வழியாக ஒரு குதிரை நிதானமாக உள்ளே வந்து புல் மேய்ந்தது. ஊரே சிரிப்பாய்ச் சிரித்தது.

அடுத்த மாசம் சர்ச் மண்டபத்தில் கூட்டம். விழாக் கமிட்டித் தலைவி எல்ஸ்பெத் அம்மாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"இஷ்பெல், கோபப்படாதீங்க. நீங்க சொல்ற சரித்திரமெல்லாம் சரிதான். ஆனா ஜனங்க என்ன பாக்க வர்றாங்க? கில்ட்டு, நீல மூஞ்சி, கத்திக்கிட்டு ஓடறது. நீங்க மெத்தையைச் சுத்திக்கிட்டு மரம் மாதிரி நிக்கிறீங்க. அதுலயும் பாதியில ஓடிடறீங்க."

"ஓடினது ஒருத்தன்தான்மா!" என்றேன்.

"ஜனங்க கைதட்டுனது அவருக்கு மட்டும்தான்" என்றார் எல்ஸ்பெத். "சரி, இப்படி வச்சுக்குவோம். அடுத்த வருஷம் குதிரை மூணு தடவை வரட்டும். மூணு தடவையும் வட்டம் உடையாம நின்னுச்சுன்னா உங்க சட்டை உங்களோட. உடைஞ்சுதுன்னா அதுக்கப்புறம் எல்லாருக்கும் கில்ட்டு. கிளாஸ்கோவுல வாடகைக்கு வாங்கிக்கலாம்."

வாடகை கில்ட்! என் சட்டைகள் பெட்டிக்குள் பூச்சி அரித்துக் கிடக்க, நாங்கள் கல்யாண வீட்டு வாடகைப் பாவாடையில் குதிக்க வேண்டுமாம். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

கோபத்தை எங்கே காட்டுவது? லாக்லன் மேல்தான் காட்டினேன். பழைய ஓட்டப் பந்தயச் செருப்பு ஒன்றை, ஒற்றைக் காலுக்கு உள்ளதை, சிவப்பு ரிப்பன் கட்டி அவன் வீட்டுக் கேட்டில் தொங்கவிட்டேன். தினமும் காலையில் தபால் கொண்டுவருவான். "என்னப்பா முயலு, இன்னிக்கு நடந்தே வந்துட்டியா?" என்பேன். நாய் குரைத்தால், "பாத்துடா, அது குதிரை இல்லை, நாய்தான்" என்பேன். பாவம், ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. தபாலைக் கொடுத்துவிட்டுக் காது சிவக்கப் போவான். நானாக இருந்தால் இடத்தை விட்டு ஒரு அங்குலம் நகர்ந்திருப்பேனா என்று கடையில், பஸ்ஸில், சர்ச் வாசலில் எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இந்த வருஷம் அவனைக் கழற்றிவிடச் சொன்னேன். எங்கள் தளபதி ஹெக்டர் கேட்கவில்லை.

"அவன் உன் இடப்பக்கம் நிக்கட்டும்" என்றான். "உன் வாய்க்குப் பயந்தாவது நிப்பான்."

ஹெக்டர் கூரை வேலை செய்கிறவன். கூரையில் வேலை இல்லாத நாளெல்லாம் பழைய புத்தகம் படிப்பான். அதுதான் வினை. விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை சாயங்காலம் அவன் கொட்டகைப் பக்கமிருந்து தெருவே நாறியது. போய்ப் பார்த்தால், என் முப்பத்திரண்டு சட்டையும் கொடியில் வரிசையாகத் தொங்குகின்றன. ஹெக்டர் கையில் பிரஷ். அடுப்பில் ஒரு அண்டா கொதிக்கிறது.

"அடப்பாவி! என்னடா பண்றே என் சட்டையை?"

"தார் பூசறேன்" என்றான், ஏதோ பூஜை பண்ணுகிற முகத்தோடு. "பைன் மரத் தார், தேன்மெழுகு, ஆட்டுக் கொழுப்பு. அந்தக் காலத்துல மலை ஆளுங்க மெத்தைச் சட்டைக்குத் தார் பூசுவாங்கன்னு பழைய பாதிரி ஒருத்தர் எழுதி வச்சிருக்கார் இஷ்பெல். தண்ணி இறங்காது."

"அந்தப் பாதிரி எழுதினது புரூஸுக்கு இருநூறு வருஷம் கழிச்சு. நான் ஆறு வருஷம் தைச்சது!"

"சனிக்கிழமை மழை பெய்யும். நனைஞ்சா ஒரு சட்டை ஒரு கன்னுக்குட்டி கனம். போன தடவை லாக்லனால ஓட முடிஞ்சதுக்கே பாதிக் காரணம், மழை வர்றதுக்கு முன்னாடி அவன் சட்டை காஞ்சிருந்ததுதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதனால் சண்டையில் தோற்றேன். மேலும் அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஜூலை மாசம் பால்ஃபெர்னில் விழா என்றால் மழை உண்டு. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். மழைக்குக் கூடாரம் உண்டு, மழைக்குப் பலகை உண்டு, மழைக்கு டீ உண்டு. வெயிலுக்கு எங்களிடம் ஒன்றும் கிடையாது. வெயில் வரும் என்று யோசிக்கிற ஆள் எங்கள் ஊரில் பிறக்கவே இல்லை.

சனிக்கிழமை வெயில் அடித்தது.

சும்மா அடிக்கவில்லை, சாத்து சாத்தென்று சாத்தியது. இருபத்தொன்பது டிகிரி. ஊரே கையில் ஐஸ்கிரீமோடு அலைந்தது. நாங்கள் இருபது மடிப்பு லினனுக்குள், மேலே தாரோடு, புல்வெளி நடுவில் தோளோடு தோள் ஒட்டி நின்றோம். அப்போதும் ஒரு ஆள் கேட்டான், "கில்ட் எங்கே?" என்று. என் நாக்கு வறண்டு போயிருந்ததால் தப்பித்தான்.

குதிரைகள் வருவதற்கு முன் எல்ஸ்பெத் அம்மாள் மைக்கில் பேசினார். பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு பைப் வாத்தியக்காரர்கள் மூன்று பாட்டு வாசித்தார்கள். முக்கால் மணி நேரம். என் முதுகில் வியர்வை ஆறாக ஓடியது. சட்டையிலிருந்து ஆட்டுக் கொழுப்பு உருகுகிற வாடை. ஈக்களுக்கு நல்ல வேட்டை.

"இஷ்பெல்" என்று இடப்பக்கமிருந்து மெதுவாகக் குரல். லாக்லன். "எனக்குத் தண்ணி வேணும்."

"சண்டை முடிஞ்சதும் குடி. இப்ப ஓடிப்போய்க் குடிக்கணும்னு நினைச்சே, ஈட்டியாலேயே குத்துவேன்."

"ஓடல" என்றான் பாவமாக.

கொம்பு ஊதினார்கள். "அடியை ஊனுங்க!" என்று ஹெக்டர் கத்தினான். முப்பத்திரண்டு ஈட்டியும் மண்ணில் குத்தி நின்றன. புல்வெளியின் கோடியில் நைஜலும் மற்ற மூன்று பேரும் குதிரையைத் தட்டினார்கள்.

இதுவரைக்கும் நான் எப்போதும் வட்டத்தின் பின்பக்கம் நின்றவள். குதிரை நேராக வருவதை முன்னால் நின்று பார்த்ததில்லை. யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், ஆனால் யாரும் கேட்கவில்லை.

முதலில் சத்தம் காதில் விழவில்லை, காலில் ஏறியது. நிலம் அதிர்கிறது. பிறகு குதிரையின் மூக்கு தெரிகிறது. பிறகு பல். பத்தடியில் திரும்பிவிடும், பத்தடியில் திரும்பிவிடும் என்று மூளை சொல்கிறது. காலுக்கு அது கேட்கவில்லை. தபால் ஆபீஸ் எந்தப் பக்கம் என்று கால் யோசிக்கிறது!

மறைப்பானேன், நான் ஓடப் பார்த்தேன். ஊர் பூராவும் வாயால் மலையைப் பிளந்த இந்த இஷ்பெல், ஈட்டியைப் போட்டுவிட்டு வலப்பக்கம் திரும்பி ஓடப் பார்த்தேன். ஆனால் நகர முடியவில்லை. இடது தோளை யாரோ உடும்புப் பிடியாகப் பிடித்து இழுத்தார்கள். முழு பலத்தோடு இழுத்துப் பார்த்தேன். அந்தப் பிடி அதைவிடப் பலமாக இழுத்தது. அதற்குள் குதிரைகள் பத்தடியில் திரும்பிப் போய்விட்டன. ஜனங்கள் கைதட்டினார்கள்.

இடப்பக்கம் பார்த்தேன். லாக்லன். கண்ணை மூடியிருந்தான். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். முகம் தக்காளி.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு வருஷமாக முயல் என்று கூப்பிட்டேனே, அந்த ஆள்தான் என்னை ஓடவிடாமல் பிடித்து நிறுத்துகிறான்! ஒரு வார்த்தை சொல்லாமல், யாருக்கும் காட்டிக்கொடுக்காமல். என் கேட்டில் தொங்க வேண்டிய செருப்பை அவன் கேட்டில் தொங்கவிட்டேனே பாவி என்று மனசு அடித்துக்கொண்டது.

இரண்டாம் தடவை. இந்த முறை ஓடக்கூடாது என்று உறுதியாக இருந்தேன். நைஜல் "யார்க்ஷயர்!" என்று தன் ஊர்ப் பேரைச் சொல்லி ஒரு கத்து கத்தினான். என் உறுதி பறந்துவிட்டது. மறுபடியும் வலப்பக்கம் இழுத்தேன், மறுபடியும் அதே பிடி. ஈட்டியை விடப் பார்த்தேன், கையுறை ஈட்டியை விடவில்லை. வட்டம் அப்படியே நின்றது.

மூன்றாம் தடவை நைஜலுக்கு ரோஷம் வந்துவிட்டது. பத்தடி ஐந்தடியாயிற்று. அவன் குதிரை தும்மின சாரல் என் இரும்புத் தொப்பி மேல் தெறித்தது. வட்டம் முழுக்க ஒரு முனகல் கேட்டது. எல்லோரும் வீரமாக உறுமுகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு ஈட்டி சாயவில்லை, ஒரு ஆள் நகரவில்லை. குதிரைகள் திரும்பின. நைஜல் தொப்பியைக் கழற்றி எங்களுக்கு வணக்கம் வைத்தான். புல்வெளியே அலறியது.

"ஜெயிச்சுட்டோம்! கலையுங்க!" என்று ஹெக்டர் கத்தினான்.

யாரும் கலையவில்லை.

"கலையுங்கடா!"

நான் வலப்பக்கம் போகப் பார்த்தேன். லாக்லன் கூடவே வந்தான். லாக்லன் இடப்பக்கம் போனான். நான் கூடவே போனேன். எங்களோடு இன்னும் ஆறு பேர் வந்தார்கள். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். என் தோளும் லாக்லன் தோளும் ஒரே சட்டையாக இருந்தன. உருகின தார் இரண்டுக்கும் நடுவில் பசையாகப் பாய்ந்து, தையல் தெரியாமல் ஒட்டிக்கிடந்தது. வட்டம் முழுக்க இதே கதை. முப்பத்திரண்டு பேரும் ஒரே உடம்பு.

"ஹெக்டர்!" என்று முப்பத்தொரு பேர் சேர்ந்து கத்தினோம்.

"பாதிரி இதை எழுதலையே" என்றான் ஹெக்டர்.

எல்ஸ்பெத் அம்மாளுக்கு இது எதுவும் தெரியாது. மைக்கில் உருகிக்கொண்டிருந்தார். "பாருங்க! ஜெயிச்ச பிறகும் அவங்க வட்டத்தை விடல! இதுதான் நம்ம முன்னோருங்க!" ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நாங்கள் நண்டு மாதிரி மொத்தமாக டீக் கூடாரத்தை நோக்கி நகரப் பார்த்து, பாதி பேர் ஒரு பக்கம், பாதி பேர் மறுபக்கம் இழுத்து, நின்ற இடத்திலேயே சுற்றினோம். அதற்கும் கைதட்டு.

கடைசியில் லாக்லன்தான் சொன்னான். "நாடாவை அவுத்துட்டு முன்னால இறங்கி வந்துடலாமே. சட்டை இருக்கட்டும்."

அப்படித்தான் வந்தோம். ஈட்டிக்கு ஈட்டி கையுறையை ஒட்டவிட்டு, நாடாவை அவிழ்த்து, ஒவ்வொருவராகச் சட்டையிலிருந்து கழன்று, உள்சட்டையோடு ஊர் முன்னால் வெளியே வந்தோம். திரும்பிப் பார்த்தால், ஆளில்லாத முப்பத்திரண்டு சட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, கை நீட்டி ஈட்டி பிடித்து, வட்டமாக அங்கேயே நிற்கின்றன. என் தையல்! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐஸ்கிரீம் வண்டிக்காரர் கூடக் கடையை விட்டுவிட்டு வந்து படம் எடுத்தார்.

டீக் கூடாரத்தில் எல்லோரும் லாக்லனைத் தட்டிக்கொடுத்தார்கள். அவனுக்கு யாரோ இரண்டு சாசேஜ் ரோல் கொடுத்தார்கள். அவன் சாப்பிடவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இஷ்பெல், உனக்கு நன்றி சொல்லணும்" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "நீ பிடிச்சு இழுத்திருக்கலைன்னா மூணு தடவையும் ஓடியிருப்பேன். நீ யார்கிட்டயும் சொல்லலை. நீ பெரிய மனுஷி."

டீக் கோப்பையைக் கீழே வைத்தேன். பேசாமல் இருந்துவிடலாம். அவனே எனக்கு மகுடம் சூட்டுகிறான், நான் ஏன் கழற்றணும்? ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது மனசு கேட்கவில்லை. ஒரு வருஷம் இந்த மனுஷனை நாய்க்கு முன்னாலும் பேய்க்கு முன்னாலும் கேலி பண்ணியிருக்கிறேன். பெஞ்சு மேல் ஏறி நின்றேன்.

"எல்லாரும் கேளுங்க! நான் லாக்லனைப் பிடிக்கலை. நான் ஓடினேன். மூணு தடவையும் ஓடினேன். அவன் அந்தப் பக்கம் இழுத்தான், நான் இந்தப் பக்கம் இழுத்தேன், அதனாலதான் ரெண்டு பேரும் நின்னோம். தார் நின்னுச்சு, நாங்க நிக்கலை. போன வருஷம் முழுக்க நான் பேசினது அத்தனையும் வெத்து வாய். லாக்லன், என்னை மன்னிச்சுக்கோ."

லாக்லன் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தான்.

"ஓடப் பார்த்தது நாங்க ரெண்டு பேர் மட்டும்தானா? யோக்கியமா சொல்லுங்க. கை தூக்குங்க" என்றேன்.

மூலையிலிருந்து ஒரு கை எழுந்தது. பிறகு இரண்டு. பிறகு பத்து. முணுமுணுப்பும் சிரிப்புமாக ஒவ்வொரு கையாக எழுந்து, கடைசியில் ஹெக்டர் மட்டும் பாக்கி. எல்லோரும் அவனைப் பார்த்தோம். அவன் டீக் கோப்பையை மேஜை மேல் வைத்தான். மெதுவாகக் கையைத் தூக்கினான்.

"ரெண்டாவது தடவை மட்டும்" என்றான்.

முப்பத்திரண்டு பேரும் முப்பத்திரண்டு திசையில் ஓடப் பார்த்திருக்கிறோம்! அதனால்தான் வட்டம் ஒரு இம்மிகூட அசையவில்லை. லாக்லன் முதலில் சிரித்தான். ஒரு வருஷம் கழித்து அவன் சிரித்ததைப் பார்த்தேன். பிறகு கூடாரமே குலுங்கியது.

அந்தச் சமயம் பார்த்து எல்ஸ்பெத் அம்மாள் நோட்டும் பேனாவுமாக உள்ளே வந்தார். முப்பத்திரண்டு கையும் இன்னும் மேலே. எங்கள் சிரிப்பு சட்டென்று நின்றது. வட்டம் நின்ற காரணம் தெரிந்தால் கில்ட் நிச்சயம்.

"எதுக்கு எல்லாரும் கை தூக்கியிருக்கீங்க?"

எனக்கு வாய் வரவில்லை. எனக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"வோட்டெடுப்பும்மா" என்றான் லாக்லன், தபால் கொடுக்கிற அதே அமைதியான குரலில். "அடுத்த வருஷமும் மெத்தைச் சட்டையா, கில்ட்டான்னு."

எல்ஸ்பெத் அம்மாள் கைகளை எண்ணினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ஒருமனதா?"

"ஒருமனதா" என்றோம் எல்லோரும்.

"நல்லது. நானும் அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்று எழுதிக்கொண்டார். "வாசலுக்கு வாங்க. ஜனங்க அந்தச் சட்டைங்களோட நின்னு படம் எடுத்துக்க வரிசையில நிக்கிறாங்க."

திங்கட்கிழமை காலையில் லாக்லன் வழக்கம்போலத் தபால் கொண்டுவந்தான். கரண்ட் பில்லோடு ஒரு பொட்டலமும் இருந்தது. பிரித்தால் அந்த ஒற்றைச் செருப்பு, சிவப்பு ரிப்பனோடு.

"ஆறு மாசம் என் வீட்ல, ஆறு மாசம் உன் வீட்ல" என்றான். "அப்புறம் ஹெக்டருக்குக் கொடுத்துடலாம். அவனுக்கு ஒரு மாசம் போதும், ரெண்டாவது தடவை மட்டும்தானே."

நான் அதை அவன் கண் முன்னாலேயே என் கேட்டில் கட்டினேன். இறுக்கிக் கட்டினேன். இப்போதும் அங்கேதான் தொங்குகிறது.